அத்தைக்கு ஒரு கடிதம்: நாகசாகிக்கு இன்னொரு நாள் கேளுங்கள்

அன்புள்ள அத்தைக்கு,

பங்கிலிருந்து ஜப்பானுக்குத் திருப்பயணம் போகிறீர்கள் என்ற செய்தியும், நீங்கள் அனுப்பிய பயண நிரலும் கிடைத்தன. நாகசாகிக்கு அதில் ஒரே ஒரு பகல்தான் ஒதுக்கியிருக்கிறார்கள். காலையில் நிஷிசாகா குன்று, அப்புறம் ஓவுரா ஆலயம், மதியம் சாப்பிட்டுவிட்டு அமைதிப் பூங்கா, சாயங்காலம் ரயில். உங்களுக்கு மட்டும் எழுதலாம் என்றுதான் உட்கார்ந்தேன். அந்தப் பக்கம் போகிற மற்றவர்களுக்கும் பயன்படட்டும் என்று பொதுவில் எழுதுகிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள்.

பங்குத்தந்தையிடம் பேசி நாகசாகிக்கு இன்னொரு நாள் வாங்கிவிடுங்கள். உயிரைக் கொடுத்த வேதசாட்சிகளின் நினைவிடங்கள் அங்கே ரயில் நிலையத்தை ஒட்டியே இருக்கின்றன. உயிருக்குப் பயந்து, திருச்சுரூபத்தைக் காலால் மிதித்துவிட்டு, வீட்டுக்கு வந்து அழுது மன்னிப்புக் கேட்டவர்களின் இடங்கள் கொஞ்சம் தள்ளி, மலைக்குள்ளும் கடலோரத்திலும் இருக்கின்றன. 250 ஆண்டுகள் விசுவாசத்தைக் கைமாற்றிக் கொடுத்தது பெரும்பாலும் இந்த இரண்டாவது கூட்டம்தான். உங்கள் நிரலில் அவர்களுக்கு இடமே இல்லை.

முதலில் நிஷிசாகா. ரயில் நிலையத்திலிருந்து சில நிமிட ஏற்றம், உங்கள் முழங்காலுக்கு மெதுவாக ஏறுங்கள். 1597 பிப்ரவரி 5 அன்று, அப்போது ஜப்பானை ஆண்ட டொயோட்டோமி ஹிதேயோஷியின் உத்தரவுப்படி 26 பேரைச் சிலுவையில் கட்டி ஈட்டியால் குத்திக் கொன்ற இடம் அது. கியோட்டோவிலும் ஒசாகாவிலும் பிடித்த 24 பேரை, காதை அறுத்து, நடுக் குளிர்காலத்தில் நாகசாகி வரை நடத்தியே கொண்டுவந்தார்கள். வழியில் உதவிக்கு வந்த இருவரும் சேர்ந்து 26 ஆனது. லூயி இபராகிக்கு 12 வயது. 1862-ல் எல்லாருக்கும் புனிதர் பட்டம் கிடைத்தது. அதன் நூறாவது ஆண்டில், 1962-ல், சிற்பி ஃபுனகோஷி யாசுதாகே செய்த வெண்கலச் சுவர் அங்கே திறக்கப்பட்டது. 26 பேரும் வரிசையாக நிற்கிறார்கள், பாதங்கள் மட்டும் கீழ்நோக்கித் தொங்குகின்றன. தரையை விட்டு எழும்பியவர்கள் மாதிரித் தோன்றும். சிறுவர்கள் மூவரையும் உயரத்தை வைத்தே கண்டுபிடித்துவிடலாம். அந்த வரிசையில் கொன்சாலோ கார்சியாவையும் தேடுங்கள். மும்பைக்குப் பக்கத்தில் வசாயில் பிறந்தவர், இந்திய மண்ணில் பிறந்து புனிதர் பட்டம் பெற்ற முதல் ஆள்.

இதெல்லாம் உங்கள் வழிகாட்டியே சொல்லிவிடுவார். அவர் சொல்லாமல் விடக்கூடியது இதற்குப் பிந்திய கதை.

1614-ல் நாடு முழுக்கக் கிறிஸ்தவம் தடை செய்யப்பட்டது. குருக்களை நாடுகடத்தினார்கள், ஒளிந்திருந்தவர்களைத் தேடிப் பிடித்துக் கொன்றார்கள். 1644-க்குப் பிறகு ஒரு குருவும் மிஞ்சவில்லை. ஒவ்வொரு குடும்பமும் ஒரு புத்த கோயிலில் பெயரைப் பதிந்தாக வேண்டும். நாகசாகியில் ஆண்டுதோறும் புத்தாண்டை ஒட்டி, இயேசுவோ மாதாவோ பதித்த தகட்டைத் தரையில் வைத்து ஒவ்வொருவராக மிதிக்கச் சொன்னார்கள். மறுத்தால் சித்திரவதை, சாவு. 1850-களின் பிற்பகுதி வரை இந்த வழக்கம் நடந்தது.

அப்போது உயிரோடு இருந்தவர்கள் யார், அத்தை? மிதித்தவர்கள்தானே. மிதித்துவிட்டு வீட்டுக்குப் போய் அவர்கள் சொன்னது, நீங்கள் எங்களுக்கு அடித்துச் சொல்லிக் கொடுத்த அதே உத்தம மனஸ்தாபம். பாவசங்கீர்த்தனம் கேட்கக் குரு இல்லாத இடத்தில், கடவுள்மேல் உள்ள அன்பினால் மனம் நொந்து வருந்தினால் பாவம் மன்னிக்கப்படும் என்று விளக்கும் சிறு நூல் ஒன்று 1603-ல் ஜப்பானிய மொழியில் வந்திருந்தது. அதைக் கையால் பிரதியெடுத்தும் மனப்பாடம் செய்தும் தலைமுறை தலைமுறையாகக் காப்பாற்றினார்கள். ஒவ்வோர் ஆண்டும் மிதிப்பு, ஒவ்வோர் ஆண்டும் மனஸ்தாபம். இவர்களைக் கோழைகள் என்று எனக்குச் சொல்ல வாய் வரவில்லை.

இதைப் படிக்கும்போது நம் கடற்கரை நினைவுக்கு வராமல் போகாது. சவேரியார் 1542-ல் முத்துக்குளித்துறைக்கு வந்து, மணி அடித்துப் பிள்ளைகளைக் கூட்டி, தமிழில் மந்திரங்களை மனப்பாடம் செய்யவைத்து, ஊருக்கு ஒரு கணக்கப்பிள்ளையை நியமித்துவிட்டு அடுத்த ஊருக்கு நடந்தவர். அதே ஆள்தான் 1549 ஆகஸ்ட் 15 அன்று ககோஷிமாவில் இறங்கி, மறு ஆண்டு நாகசாகிப் பகுதியிலுள்ள ஹிராடோவுக்கு வந்தார். குரு இல்லாத ஊரில் ஜெபத்தை நடத்தப் பொதுமக்களிலேயே ஆள் இருக்க வேண்டும் என்ற ஏற்பாடு ஜப்பானிலும் இருந்தது, அங்கே அது உயிர்காக்கும் ஏற்பாடாக ஆகிவிட்டது. நாகசாகியை ஒட்டிய உராகாமி கிராமத்தில், திருநாள் கணக்கு வைத்திருக்க ஒருவர், குழந்தைகளுக்கு ஞானஸ்நானம் கொடுக்கக் குடியிருப்புக்கு ஒருவர், செய்தியை வீடு வீடாகச் சொல்ல ஒருவர் என்று பொறுப்பைப் பிரித்துக்கொண்டார்கள். எல்லாரும் விவசாயிகள். உங்களைப் போன்ற உபதேசியார்கள் என்றே சொல்வேன்.

இந்தத் திருநாள் கணக்கு எவ்வளவு சரியாக இருந்தது என்பதை ஓவுரா ஆலயத்தில் நின்று நினைத்துப் பாருங்கள். அது நாகசாகியில் குடியேறிய வெளிநாட்டவர்களுக்காக 1864-ல் கட்டி முடித்த ஆலயம். 26 வேதசாட்சிகள் பெயரில், நிஷிசாகாவைப் பார்த்த மாதிரி கட்டப்பட்டது. 1865 மார்ச் 17 அன்று உராகாமியிலிருந்து பத்துப் பதினைந்து பேர், வேடிக்கை பார்க்க வந்தவர்கள்போல உள்ளே வந்தார்கள். அவர்களில் ஒரு பெண், ஜெபித்துக்கொண்டிருந்த பிரெஞ்சுக் குரு பெத்திஜானின் பக்கத்தில் போய், எங்கள் நெஞ்சும் உங்கள் நெஞ்சும் ஒன்றுதான் என்று மெல்லச் சொல்லிவிட்டு, சாந்தா மரியா சுரூபம் எங்கே என்று கேட்டாள். காட்டினார். அன்று துக்க காலத்தின் 17-வது நாள் என்றும் அவர்கள் சொன்னார்கள். அந்த ஆண்டு சாம்பல் புதன் மார்ச் 1. மார்ச் 17 தவக்காலத்தின் 17-வது நாளேதான். இருநூறு ஆண்டுகளுக்கும் மேலாகக் குருவும் இல்லை, பூசையும் இல்லை. ஒரு நாள் பிசகவில்லை.

அவர்கள் கேட்ட மாதா சுரூபம் இன்னும் அந்த ஆலயத்தில் இருக்கிறது. நுழைவுக் கட்டணம் உண்டு, உள்ளே படம் எடுக்கக் கூடாது. பூசை பார்க்க வேண்டுமென்றால் பக்கத்தில் இருக்கும் புதிய ஆலயத்துக்குத்தான் போக வேண்டும். நிரலைப் போட்டவருக்கு இது தெரிந்திருக்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

இனி, நான் கூடுதலாகக் கேட்கச் சொல்லும் நாள். அது சோதோமேக்கு. நகரத்துக்கு வடமேற்கே, மேற்குக் கடலைப் பார்த்த மலைச்சரிவு ஊர்கள், பேருந்தில் ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல் ஆகும். அங்கே ஷித்சு என்ற ஊரில் 1882-ல் கட்டிய ஆலயம் இருக்கிறது. கடல்காற்றுக்குப் பயந்து கூரையைத் தாழ்த்திக் கட்டியிருக்கிறார்கள். கட்டியவர் மார்க் மரி தெ ரோட்ஸ் என்ற பிரெஞ்சுக் குரு. ஊரின் வறுமையைப் பார்த்துத் தன் சொந்தச் சொத்தைப் போட்டு, பெண்களுக்கு நெசவும் ரொட்டி, சேமியா செய்வதும் கற்றுக்கொடுக்கும் பட்டறைகளை 1883-ல் தொடங்கியவர். அந்தக் கட்டடங்களை இப்போதும் பார்க்கலாம். 1914-ல் இறந்து, அந்த ஊரிலேயே அடக்கமானார்.

ஷித்சுவை விட எனக்கு முக்கியம் அங்கிருந்து கொஞ்ச தூரத்தில், குரோசாகி காட்டுக்குள் இருக்கும் கரேமாத்சு கோயில். பெயருக்கு அது ஜப்பானின் பழைய மதமான ஷிண்டோவின் கோயில். உள்ளே வணங்கப்படுபவர் சான் ஜிவான், அதாவது அருளப்பர் பெயர் கொண்ட ஓர் அந்நிய குரு. பஸ்தியான் என்ற ஜப்பானிய உபதேசியாருக்கு அவர்தான் ஆசிரியர் என்பது ஊர் வழக்கு. திருநாள் நாட்காட்டியை விட்டுச்சென்றவர் இந்த பஸ்தியான். ஏழு தலைமுறை கழித்துப் பெரிய கறுப்புக் கப்பலில் குருக்கள் வருவார்கள், அப்போது எங்கே வேண்டுமானாலும் உரக்கப் பாடிக்கொண்டு நடக்கலாம் என்று அவர் சொன்னதாகவும் ஒரு வாக்கு அந்த மலையில் வழங்கிவந்தது. கோயிலுக்குப் போகும் வழியில் ஒரு பெரிய பாறை இருக்கிறது. தவக்கால இரவுகளில் அதன் மறைவில் கூடி, பெரியவர்கள் சிறியவர்களுக்கு மந்திரங்களைச் சொல்லிக் கொடுத்தார்கள். நான் போனபோது மழை பெய்து ஓய்ந்திருந்தது, வேறு யாரும் இல்லை. பாறைக்குப் பின்னால் போய் நின்று பரலோக மந்திரம் சொன்னேன். குரல் தானாகத் தாழ்ந்துவிட்டது.

தடை நீங்கியபின் எல்லாரும் திருச்சபைக்குத் திரும்பவில்லை. தாத்தா பாட்டி செய்த முறையே போதும் என்று பழைய வழியிலேயே நின்றவர்கள் ஒரு பங்கு. பதிவுக்காகச் சேர்ந்த புத்த கோயிலிலேயே தங்கிவிட்டவர்கள் இன்னொரு பங்கு. தென்புகுஜி என்ற புத்த கோயில், தெரிந்தும் தெரியாத மாதிரி அவர்களுக்கு இடம் கொடுத்திருக்கிறது. இப்படி மூன்றாகப் பிரிந்த குடும்பங்கள் 2000-லிருந்து கரேமாத்சு கோயிலில் ஒன்றுகூடித் தங்கள் முன்னோருக்காக ஜெபிக்கிறார்கள். கத்தோலிக்கப் பூசையும் நடக்கும், பழைய வழிக்காரர்களின் மந்திரமும் ஒலிக்கும், புத்த குருவும் வந்திருப்பார். நம் திருப்பயணக் கூட்டத்தார் சிலர், ஷிண்டோ கோயிலுக்குள் நாம் எதற்கு என்று தயங்குவார்கள். நீங்கள் எடுத்துச் சொன்னால் கேட்பார்கள்.

சோதோமே போய்விட்டு வந்தபின் உராகாமிக்குப் போங்கள். அமைதிப் பூங்காவோடு திரும்பிவிட வேண்டாம். 1865-ல் அந்தப் பெண் வாயைத் திறந்ததற்கு உராகாமி கொடுத்த விலை பெரிது. 1867-ல் கைதுகள் தொடங்கின. அப்புறம் ஆட்சி மாறியும் அடக்குமுறை மாறவில்லை. ஏறக்குறைய 3,400 பேரை, அநேகமாக ஊரையே, ஜப்பானின் பல மூலைகளுக்குப் பிரித்துத் துரத்தினார்கள். அவர்களில் 600-க்கும் மேற்பட்டவர்கள் உயிரோடு திரும்பவில்லை. 1873-ல் தடை நீங்கியபின் மிச்சமிருந்தவர்கள் வெறுங்கையோடு வந்து, தங்களைச் சுரூபத்தை மிதிக்கவைத்த அதே ஊர்த்தலைவர் வீட்டு மனையை விலைக்கு வாங்கி ஆலயம் எழுப்பினார்கள். செங்கல் செங்கலாகக் கட்டி 1914-ல் முடித்தார்கள், 1925-ல் இரட்டைக் கோபுரம். கிழக்கு நாடுகளிலேயே பெரியது என்று பெயர் வாங்கிய ஆலயம் அது.

1945 ஆகஸ்ட் 9, காலை 11:02. அணுகுண்டு அந்த ஆலயத்திலிருந்து சுமார் 500 மீட்டர் தூரத்தில் வெடித்தது. உள்ளே பாவசங்கீர்த்தனம் நடந்துகொண்டிருந்தது. இரண்டு குருக்கள், காத்திருந்த மக்கள், எல்லாரும் இறந்தார்கள். பங்கில் இருந்த 12,000 பேரில் 8,500 பேர்வரை மாண்டார்கள்.

இப்போது இருப்பது 1959-ல் கட்டியது. வடக்குக் கோபுரத்தின் உச்சி வெடிப்பில் உருண்டு விழுந்து, சரிவின் கீழே இன்னும் அப்படியே கிடக்கிறது. உள்ளே ஒரு சிறு பீடத்தில், பழைய ஆலயத்தின் மர மாதாவின் தலை மட்டும் இருக்கிறது. கன்னம் கருகி, கண்ணாடிக் கண்கள் போய், இரண்டு குழிகள். இடிபாட்டில் அதைக் கண்டெடுத்த ஒரு துறவி தன் மடத்தில் பல ஆண்டுகள் பத்திரமாக வைத்திருந்து, 1975-ல் திருப்பிக் கொடுத்தார். ஜெபமாலையை அங்கே சொல்லுங்கள்.

கோபுர மணிகள் இரண்டில் ஒன்று உடையாமல் கிடைத்தது. அந்த ஆண்டுக் கிறிஸ்துமஸுக்கே அதைத் தோண்டி எடுத்து அடித்தார்கள். மற்றதன் இடம் வெறுமையாகவே இருந்தது. அமெரிக்கக் கத்தோலிக்கர்கள் காசு சேர்த்துக் கொடுத்த புது மணி 2025 ஆகஸ்ட் 9 அன்று அங்கே ஒலித்தது.

ஆலயத்திலிருந்து நடக்கிற தூரத்தில் நாகாய் தகாஷியின் இரண்டு பாய் அகலக் குடிசை இருக்கிறது. கதிரியக்க மருத்துவர். வெடிப்பில் இறந்த அவருடைய மனைவி மிதோரி, உராகாமியில் திருநாள் கணக்கு வைத்திருந்தவர்களின் வம்சம். 1945 நவம்பரில் இடிபாடுகளுக்கிடையே நடந்த இரங்கல் பூசையில், இறந்தவர்கள் உலகப் போரின் பாவத்துக்கு மாசற்ற பலியாகத் தெரிந்துகொள்ளப்பட்டவர்கள் என்று அவர் பேசினார். அந்தப் பேச்சால் தேறியவர்கள் உண்டு, மனிதர் செய்த குற்றத்தைக் கடவுள் தலையில் போடலாமா என்று அன்றிலிருந்து கேட்பவர்களும் உண்டு. நான் இரண்டாவது பக்கம். ஆனாலும், மனைவியின் எலும்பைத் தன் கையால் பொறுக்கிய மனிதர் அதே நிலையில் இருந்த ஊருக்கு என்ன சொல்லியிருக்க வேண்டும் என்று என்னால் சொல்ல முடியவில்லை.

சன்னோ கோயிலையும் விட்டுவிடாதீர்கள். வெடிப்பு மையத்திலிருந்து சுமார் 800 மீட்டர். படிக்கட்டின் மேல் கல் தோரணவாசல் ஒற்றைக் காலில் நிற்கிறது, உடைந்த பாதி பக்கத்திலேயே கிடக்கிறது. உள்ளே இரண்டு பெரிய கற்பூர மரங்கள், கருகிப்போய்த் திரும்பத் துளிர்த்தவை. அமைதிப் பூங்காவில் எல்லாரும் 1955-ல் வைத்த பெரிய சிலை முன்னால்தான் நிற்பார்கள். அதற்கு எதிர்க்கோடியில் உள்ள நீரூற்றுக்குப் போங்கள். தாகம் தாங்காமல், எண்ணெய் மிதந்த தண்ணீரை அப்படியே குடித்த ஒரு சிறுமியின் வார்த்தைகள் அங்கே கல்லில் இருக்கின்றன.

கோதோ தீவுகளின் ஆலயங்களை இந்தப் பயணத்தில் சேர்க்க முயல வேண்டாம். படகும் பேருந்தும் ஒத்துவராது, பல ஆலயங்களுக்கு முன்கூட்டியே சொல்ல வேண்டும். அது தனிப் பயணம். கழற்ற மாட்ட எளிதான செருப்பாக எடுத்துக்கொள்ளுங்கள், பல ஆலயங்களில் வாசலிலேயே கழற்றச் சொல்வார்கள்.

கடைசியாக ஒன்று. நிரலில் இன்னும் தேதி போடவில்லை என்று எழுதியிருந்தீர்கள். கரேமாத்சுவில் அந்தக் கூட்டு ஜெபம் பொதுவாக நவம்பர் தொடக்கத்தில் நடக்கிறது. குளிரும் அப்போது உங்களுக்குத் தாங்கும். பங்குத்தந்தையிடம் கேட்டுவிட்டு எழுதுங்கள், சோதோமே பேருந்து நேரங்களைப் பார்த்து அனுப்புகிறேன்.

அன்புடன்,
உங்கள் மருமகன்