அங்கன்வாடிக் குழந்தைகளுக்கு விபத்துத் தடுப்புப் பயிற்சி வேண்டி மனு

அனுப்புநர்:
குழந்தைகளின் பெற்றோர்,
மறுகுடியமர்வு அடுக்குமாடிக் குடியிருப்பு,
பெரும்பாக்கம்.

பெறுநர்:
மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்,
செங்கல்பட்டு மாவட்டம்.

பொருள்: அங்கன்வாடி மையங்களில் விபத்துத் தடுப்பைக் கற்பித்தல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஆட்சியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்னையின் ஆற்றங்கரைகளில் தரையோடு தரையாகக் குடிசைகளில் வாழ்ந்துவிட்டு, இங்கே மாடி வீடுகளுக்குக் குடிவந்த குடும்பங்கள் நாங்கள். எங்களில் பலர் வீட்டு வேலைக்கும் கட்டட வேலைக்கும் காலையிலேயே பஸ் ஏறிவிடுவதால், கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு பெரும்பாலும் எட்டு, ஒன்பது வயது அக்காவின் தலையில்தான் விழுகிறது.

தள்ளுவண்டியில் விற்கும் பினாயிலும் ஆசிடும் பழைய கூல்டிரிங்ஸ் பாட்டிலில்தான் வருகின்றன. எழுத்தறியாத மூன்று வயதுக் குழந்தைக்கு அந்த நிறம் போதும், எடுத்துக் குடித்துவிடும். குடித்ததை வாந்தி எடுக்க வைக்கலாமென்று பெரியவர்கள் உப்புத் தண்ணீர் புகட்டினால், அந்த ஆசிட் தொண்டையை மறுபடியும் எரித்துக்கொண்டு வெளியேறும் என்பது இங்கு பலருக்குத் தெரியாது. கஞ்சி வடிக்கும்போது கொட்டிய காயத்தின் மேல் பேஸ்ட்டோ இங்க்கோ தடவுகிறார்களே தவிர, குழாய்த் தண்ணீரில் 20 நிமிடம் காட்டுவதில்லை. (குழாயில் எந்நேரமும் தண்ணீர் வருமா என்பது தனி மனுவுக்குரியது.) வராந்தாக் கைப்பிடிச் சுவரை ஒட்டி அடுக்கிய குடங்கள் குழந்தைக்கு ஏணியாகின்றன, பாதி நிறைந்த வாளியில் தலைகுப்புற விழுந்தால் ஒரு வயதுக் குழந்தையால் தானாக எழ முடியாது.

விழிப்புணர்வுச் சுவரொட்டி ஒட்டுவதால் இவை குறையும் என்று நாங்கள் நம்பவில்லை. மூன்று வயதுக் குழந்தையிடம் எச்சரிக்கையை எதிர்பார்ப்பதும் நியாயமில்லை. அக்குழந்தைக்குப் பாட்டாகவும் விளையாட்டாகவும் சொல்லித்தரும் அதே நேரத்தில், அதை இடுப்பில் சுமக்கும் அக்காவுக்கும் தாய்க்கும் பாட்டிக்கும் செய்து காட்டினால்தான் பலன் இருக்கும்.

ஆகவே, முன்பருவக் கல்வி நேரத்தில் வாரம் ஒரு முறை சிறிது நேரத்தை இதற்கென ஒதுக்கவும், மாதந்தோறும் எடை பார்க்கும் நாளில் தாய்மார்களுக்கு முதலுதவியைச் செய்முறையாகக் காட்டவும், அக்காமார்கள் வர வசதியாக விடுமுறை நாளில் ஒரு தனி வகுப்பு நடத்தவும் ஆணையிட வேண்டுகிறோம். ஏற்கெனவே பல பதிவேடுகளை எழுதிக்கொண்டிருக்கும் அங்கன்வாடிப் பணியாளர்கள் மீது இதற்கென்று இன்னொரு பதிவேட்டைச் சுமத்தாமல், ஆரம்ப சுகாதார நிலையச் செவிலியர் மூலம் அவர்களுக்கு முதலில் பயிற்சி அளிக்க வேண்டும். ஏப்ரல் 14 முதல் 20 வரை தீயணைப்புத் துறை நடத்தும் தீத்தொண்டு வார நிகழ்ச்சிகளில் எங்கள் மையங்களையும் சேர்த்தால், உடையில் தீப்பிடித்தால் ஓடாமல் தரையில் படுத்து உருள வேண்டும் என்பதைக் குழந்தைகள் நேரில் பார்த்துப் பழகுவார்கள்.

பயிற்சியோடு, வராந்தாக்களில் கம்பிவலை அடிக்கவும் உரிய துறைக்குப் பரிந்துரைத்து, இம்மனுவின் மீது எடுக்கப்படும் நடவடிக்கையை எங்களுக்குத் தெரிவிக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
பெற்றோர்கள்

இணைப்பு: கையொப்பப் பட்டியல்