மாமாவுக்கு, அந்தக் கூலிங் கிளாஸ் பற்றி

மாமா,

ஆபரேஷன் செய்த கண்ணின் கட்டைப் பிரித்துவிட்டார்கள் என்று அத்தை வெள்ளிக்கிழமை போன் செய்தார்கள். நான் வரவில்லை. போனில் பேசினாலும் சண்டையில்தான் முடியும், அதனால் இங்கே எழுதுகிறேன். நம் வீட்டு ஆட்கள் நாலைந்து பேர் இதைப் படிக்கிறார்கள். ஆகவே வளையல் விஷயத்தை நான் எடுக்கப்போவதில்லை. கூலிங் கிளாஸ் மட்டும்.

2011, என் முதல் சம்பளம். பிரிகேட் ரோடு நடைபாதைக் கடைக்காரர் 180 சொன்னார், நான் 120க்கு முடித்தேன். நீங்கள் ஆட்டோவை விட்டு இறங்காமலே பார்த்துக்கொண்டிருந்தீர்கள். லென்ஸ் ஓரத்தில் வெள்ளி நிற வட்ட ஸ்டிக்கர், யூவி 400 என்று. நகத்தால் சுரண்டினேன், கிழியாமல் முழுசாக வந்தது. கீழே போடப் போனவளிடமிருந்து அதை வாங்கி மீட்டரின் பக்கவாட்டில் ஒட்டினீர்கள். அப்புறம் கூலிங் கிளாஸை மாட்டிக்கொண்டு, ஆட்டோவின் கண்ணாடியில் முகத்தை இப்படியும் அப்படியும் திருப்பி, "எப்படி பாப்பா, ஹீரோ மாதிரியா?" மழை வரும்போல இருட்டிக்கொண்டிருந்தது. அல்சூர் வரைக்கும் நீங்கள் கழற்றவே இல்லை, பள்ளம் ஒன்றுவிடாமல் இறக்கினீர்கள். வீட்டுக்குள் வந்தும் மாட்டிக்கொண்டே சாப்பிட்டீர்கள்.

அந்த ஸ்டிக்கரை யார் வேண்டுமானாலும் அச்சடிக்கலாம் மாமா. போன வாரம் அத்தையிடம் பழைய கண்ணாடியைக் கேட்டு வாங்கி ஜெயநகரில் ஒரு கண்ணாடிக் கடைக்குக் கொண்டுபோனேன். சின்னப் பெட்டி ஒன்று வைத்திருக்கிறார்கள். லென்ஸை அதன் மேல் வைத்தால் எவ்வளவு யூவி, அதாவது புற ஊதாக் கதிர், உள்ளே போகிறது என்று எண் காட்டும். கடைக்காரர் வாய் திறக்கவில்லை, பெட்டியை என் பக்கம் திருப்பினார். பாதிக்கு மேல் போகிறது. அலைநீளம் 400 நானோமீட்டர் வரைக்கும் உள்ள கதிரைத் தடுத்தால்தான் அது யூவி 400. கறுப்பாக இருந்தால் போதும் என்று நினைத்திருந்தேன். இருட்டாக்கினால் கண்பாவை விரியும், கதிரைத் தடுக்காத லென்ஸ் என்றால் வெறுங்கண்ணைவிடக் கூடுதலாக உள்ளே போகலாம். அதை என் கையாலேயே உங்களுக்கு மாட்டிவிட்டிருக்கிறேன்.

டாக்டரிடமும் கேட்டேன், என் மனசுக்காகத்தான். மூக்கோரத்திலிருந்து கருவிழி மேல் ஏறுகிற இந்தச் சதைக்கு வெயில், தூசி, காற்று எல்லாம் சேர்ந்துதான் காரணம், ஒரு கண்ணாடி மேல் பழி போட முடியாது என்றார். இருபத்தாறு வருஷம் ஆட்டோ ஓட்டியவருக்கு அது வராமலா இருக்கும்? ஆனால் நாலு வருஷம் கண் சிவந்தபடி கிடந்தபோது, மெடிக்கலில் சொட்டு மருந்து வாங்கி ஊற்றிக்கொண்டு, "பெங்களூரில் என்ன பெரிய வெயில்" என்றது யார்? காற்று சில்லென்று இருப்பதற்கும் அந்தக் கதிருக்கும் சம்பந்தமே இல்லை. நம் ஊர் சுமார் 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, உயரம் ஏற ஏற அது கூடத்தான் செய்யும். லேசான மேகம் எல்லாம் அதைத் தடுக்காது. இதை நான் சொன்னதற்குத்தான் கல்யாண வீட்டில், அத்தனை பேர் முன்னால், "120 ரூபாய்க் கண்ணாடி வாங்கித் தந்த மகராசி பேசுறா" என்றீர்கள். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்து வைத்தேன்.

சரி. கூரியரில் ஒன்று வருகிறது. அதே பெட்டியில் வைத்துப் பார்த்துத்தான் வாங்கினேன். விலை 850. பக்கத்திலிருந்த 3000 ரூபாய்க் கண்ணாடியும் அதே எண்ணைத்தான் காட்டியது. சாம்பல் நிறம் எடுத்தேன், சிக்னல் நிறம் மாறித் தெரியாது. பக்கவாட்டில் வளைந்து மூடும், தூசிக்கும் நல்லது. கடைக்காரர் போலரைஸ்டு எடுக்கச் சொன்னார். ரோட்டுக் கூச்சத்தைக் குறைக்கும், உண்மைதான். ஆனால் அதைப் போட்டுக்கொண்டு போனைச் சாய்த்துப் பார்த்தால் திரை கறுத்துப்போகிறது, உங்களுக்குச் சவாரி தவறிவிடும். புற ஊதாவைத் தடுப்பது அதிலிருந்து வேறு சங்கதி. லென்ஸ் எவ்வளவு இருட்டாக்குகிறது என்று வகை பிரிப்பார்கள், அதில் இது மூன்றாம் வகை. நாலாம் வகை ரொம்ப இருட்டு, வண்டி ஓட்ட ஆகாது. ராத்திரி இதையும் கழற்றிவிட வேண்டும், ஹீரோ.

அந்தச் சதை திரும்ப வளரக்கூடியதாம். அதனால் கோபத்தில் பீரோவுக்குள் போட்டுவிடாதீர்கள். என் மேல் உள்ள கோபத்தைக் கண்ணில் காட்ட வேண்டாம். மன்னிப்பு என்று எழுதிப் பார்த்தேன், பாதியில் வளையல் ஞாபகம் வந்து அடித்துவிட்டேன்.

காதில் இறுக்கினால் பதினைந்து நாளுக்குள் மாற்றித் தருவார்கள். பில் பெட்டிக்குள் இருக்கிறது. பேரம் பேசவில்லை, திட்டாதீர்கள்.