பார்பரா வால்டர்ஸ் கூட்டத்துக்குத் தோள் கொடுத்தவர்களுக்கு

அன்புள்ள நண்பர்களே,

அமெரிக்கத் தொலைக்காட்சிச் செய்தியாளரும் பேட்டியாளருமான பார்பரா வால்டர்ஸ் பற்றிய நம் மதுரைக் கூட்டம் நல்லபடியாக நடந்து முடிந்தது. செய்தித் துறைக்கு வர ஆசைப்படும் கல்லூரிப் பெண்களால் அரங்கு நிறைந்துவிட்டது. மேடையில் அவசரமாகச் சொன்ன நன்றி போதாது என்பதால் இந்த மடல்.

முதலில், ஓய்வுபெற்ற வானொலிச் செய்தி வாசிப்பாளர் அக்காவுக்கு. 1961-ல் என்பிசி தொலைக்காட்சியின் 'டுடே' காலை நிகழ்ச்சிக்கு எழுதப் போன வால்டர்ஸ், பத்து வருடம் கழித்தும் என்ன பாடுபட்டார் என்பதை அக்கா சொன்ன விதம் யாருக்கும் வராது. உடன் தொகுத்த பிராங்க் மெகீ, முக்கியமான அரசியல் பேட்டிகளில் முதல் மூன்று கேள்விகளும் தனக்குத்தான் என்று விதி வைத்தார். நாலாவதாகத்தான் வால்டர்ஸ் வாய் திறக்கலாம். ஸ்டூடியோவுக்குள்தானே இந்த விதி? சரி என்று வெளியே போய்ப் பேட்டி எடுக்க ஆரம்பித்தார். அரங்கில் கைதட்டல் அடங்கவே இல்லை.

அப்புறம், பேட்டித் துண்டுகளுக்குத் தமிழில் துணைவரிகள் போட்டுத் தந்த தம்பிக்கு. 1977-ல் கியூபத் தலைவர் காஸ்ட்ரோ ஜீப் ஓட்ட, வால்டர்ஸ் பக்கத்தில் உட்கார்ந்து மலைப்பாதையில் போகிற காட்சியைப் பிள்ளைகள் மறுபடி போடச் சொன்னார்கள். வால்டர்ஸுக்கு 'ர' சரியாக வராததை, அவர் பெயரையே 'பாபா வாவா' ஆக்கித் தொலைக்காட்சியில் நையாண்டி செய்ததைச் சொன்னபோது, கடைசி வரிசையில் ஒரு பெண் எழுந்து, "எனக்கும் 'ர' வராதுக்கா" என்றாள். இடைவேளையில் அக்கா அவளைத் தாழ்வாரத்துக்கு அழைத்துப் போய்ச் செய்தித்தாளை வாசிக்க வைத்துக் கேட்டார். அதற்காகத் தனியாக ஒரு நன்றி, அக்கா.

1976-ல் ஏபிசி தொலைக்காட்சியில் மாலைச் செய்தியின் இணைத் தொகுப்பாளரானார் வால்டர்ஸ். அமெரிக்கப் பெரிய தொலைக்காட்சிகளில் அந்த இடத்துக்கு வந்த முதல் பெண். வருடத்துக்குப் பத்து லட்சம் டாலர் சம்பளம் என்று ஊரே பேசியது. அப்பா, அம்மா, மனவளர்ச்சி குன்றிய அக்கா எல்லாரையும் அவர்தான் தாங்கினார் என்பதைப் பேசியவர்கள் குறைவு. பக்கத்து நாற்காலியில் இருந்த ஹாரி ரீசனர் முகம் கொடுக்கவே இல்லை. 1978-ல் அந்த இடம் போனது. அந்தக் கஷ்டத்தில், முன்பின் பார்த்திராத நடிகர் ஜான் வெய்ன், அவன்கள் உன்னைச் சாய்க்க விட்டுவிடாதே என்கிற பொருளில் ஒரு தந்தி அடித்தார். வால்டர்ஸ் அதைக் கடைசிவரை மறக்கவில்லை.

நான் வேலை பார்த்த சேனல் செய்திப் பிரிவை மூடியபோது எனக்கும் உங்களில் பலர் போன் செய்தீர்கள். "சும்மா இருக்காதே, பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடு" என்று நீங்கள் சொன்னதில்தான் இந்த வகுப்பே தொடங்கியது. அரங்க வாடகையைத் தன் பெயர் சொல்லக் கூடாது என்று கட்டிய அண்ணனுக்கும், மின்சாரம் போனதும் ஜெனரேட்டர் தேடி ஓடிய பக்கத்துக் கடைக்காரருக்கும் என் மனமார்ந்த நன்றி.

துணைவரிகளின் நகல் நூலகத்தில் இருக்கிறது. வர முடியாத பிள்ளைகள் கேட்டு வாங்கிக்கொள்ளலாம்.

அன்புடன்,
உங்கள் தோழி