செயலாளரின் ஆண்டறிக்கை

மாதக் கூட்டங்கள் தவறாமல் நடந்தன. நிலவு, சனி பார்க்கும் இரவுகளுக்குக் கூட்டத்துக்குக் குறைவில்லை. தொலைநோக்கியின் ஆடி ஒருமுறை கழுவப்பட்டது.

பக்கத்து நட்சத்திரத்தைச் சுற்றும் கோளை நம் தொலைநோக்கியில் நேராகப் பார்க்கலாமா என்று கூட்டத்துக்குக் கூட்டம் கேட்கிறார்கள். பதிலை இங்கேயே பதிந்துவிடுகிறேன்: முடியாது. நம் 200 மி.மீ. ஆடி பிரித்துக் காட்டுவது சுமார் 0.6 விகலை (ஒரு விகலை என்பது பாகையில் 3,600-ல் ஒரு பங்கு). காற்று நடுங்கினால் அதுவும் கிடைக்காது. 33 ஒளியாண்டுக்கு அப்பால் ஒரு வியாழன் இருந்தால், தன் சூரியனிலிருந்து அரை விகலைதான் தள்ளித் தெரியும். வெளிச்சமோ நூறு கோடியில் ஒரு பங்கு.

பெரிய தொலைநோக்கிகள் பார்த்திருக்கின்றன. எச்.ஆர். 8799 என்ற நட்சத்திரத்தைச் சுற்றும் மூன்று கோள்களை 2008-ல் கெக், ஜெமினி தொலைநோக்கிகள் படமெடுத்தன. நான்காவது 2010-ல் சேர்ந்தது. நான்கும் இளம் கோள்கள். சூடு ஆறாததால் அகச்சிவப்பில் தாமே ஒளிர்கின்றன. நட்சத்திரத்தை விட்டு வெகுதூரத்திலும் இருக்கின்றன. 12 ஒளியாண்டிலுள்ள எப்சிலான் இண்டி நட்சத்திரத்தின் குளிர்ந்த கோளை ஜேம்ஸ் வெப் விண்வெளித் தொலைநோக்கி காட்டியது. படம் 2024-ல் வெளியானது. நட்சத்திரத்தின் ஒளியை கொரோனாகிராஃப் என்ற மறைப்புக் கருவி மறைத்ததால்தான் அது சாத்தியமானது. இன்னொரு பூமியை யாரும் இன்னும் படமெடுக்கவில்லை.

நம்மால் முடிவது, கோள் குறுக்கே போகும்போது நட்சத்திரம் மங்குவதை அளப்பது. நான் முன்மொழிந்த இந்தத் திட்டம் வீண் என்று சிலர் சொன்னதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன். எச்.டி. 189733 என்ற நட்சத்திரம் சுமார் 2.2 நாளுக்கு ஒருமுறை ஏறக்குறைய 2.4 சதவீதம் மங்குகிறது. ஒவ்வொரு முறையும் இரண்டு மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவாக. முன்னும் பின்னும் ஒரு மணி நேரம் சேர்த்து நாலு மணி நேரம் விடாமல் படமெடுக்க வேண்டும். ஃபோகஸைச் சற்றுக் கலைத்து, எந்தப் பிக்சலும் பாதிக்கு மேல் நிரம்பாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். ஒப்பிட்டுப் பார்க்க, ஒத்த வெளிச்சமுள்ள இரண்டு நட்சத்திரங்கள் அதே படத்தில் இருந்தாக வேண்டும். ஃப்ளாட் (தூசி நிழலைக் கழிக்க, சீரான வெளிச்சத்தை எடுக்கும் படம்) எடுத்த பிறகு கேமராவைத் திருப்பவே கூடாது. ஃப்ளாட் இல்லாமல் நட்சத்திரம் பிக்சல்கள் மேல் நகர்ந்தால், தூசி நிழலே ஒரு பொய் மங்கலைக் காட்டிவிடும். நமக்கு நடந்தது அதுதான். ஃப்ளாட் எடுக்க ஒப்புக்கொண்டவர்கள் அன்றிரவு வரவில்லை; வெளிச்ச அளவின் வரைபடம் சறுக்குமரம்போல் சாய்ந்தது. இதில் திட்டத்தின் குறை எதுவும் இல்லை.

வரவு செலவு ஏறத்தாழ நேராக இருக்கிறது. பொருளாளரிடம் ஏடு உள்ளது. சந்தா நிலுவை வரவை விடப் பெரிது. பொருளாளருக்கும் துணைச் செயலாளருக்கும் நன்றி.

வரும் ஆண்டில் இதே அளவீட்டை மறுபடி எடுக்க இரண்டு பேர் போதும். பெயர் தருபவர்கள் நாலு மணி நேரமும் இருக்க வேண்டும். பெயர் தர வரும்போது சந்தாவையும் கையோடு கொண்டுவந்தால் பொருளாளர் மகிழ்வார்.

— செயலாளர்