சின்னத்தை முன்னாலேயே கொடுங்கள்: தேர்தல் ஆணையத்துக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தலைமைத் தேர்தல் ஆணையர் அவர்களுக்கும் ஆணையர்களுக்கும்,

வணக்கம்.

2024 மக்களவைத் தேர்தலில் தமிழ்நாட்டின் ஒரு தொகுதியில் சுயேச்சையாக நின்ற ஓய்வு பெற்ற கணக்கு டீச்சர் ஒருவருக்கு நான் தேர்தல் முகவராக இருந்தேன். டெபாசிட் போய்விட்டது. அதற்காகப் புலம்ப இதை எழுதவில்லை. ஆறில் ஒரு பங்குக்கு மேல் வாக்கு வாங்கினால்தான் 25,000 ரூபாய் திரும்பி வரும் என்று தெரிந்துதான் கட்டினோம். சின்னம் பற்றி ஒரு மனு போட்டிருந்தோம். போன வாரம் ஓர் அலுவலகத்திலிருந்து அதற்குப் பதில் வந்தது: 'ஒதுக்கீடு விதிகளின்படியே நடைபெற்றுள்ளது.' அந்த ஒரு வரிதான். விதி மீறப்பட்டது என்று நாங்கள் எங்குமே சொல்லவில்லை. விதியை மாற்றுங்கள் என்றுதான் கேட்டிருந்தோம்.

தேதிகள் உங்களுக்கு நன்றாகவே தெரியும், நீங்கள் போட்டவைதானே. மார்ச் 27 வேட்புமனுவுக்குக் கடைசி நாள். 28 பரிசீலனை. 30, சனிக்கிழமை, மனுவைத் திரும்பப் பெறும் நேரம் முடிந்த பிறகு சின்னம். ஏப்ரல் 17 மாலையோடு பிரசாரம் முடிந்துவிடும். ஆக, டீச்சருக்கு ஒரு சின்னம் இருந்தது சரியாக 18 நாள்.

முதல் விருப்பமாகக் கரும்பலகை கேட்டிருந்தார். முப்பது வருஷம் அதன் முன்னால் நின்றவர். அதே கரும்பலகையை இன்னொருவரும் கேட்டிருந்ததால் குலுக்கல். மடித்துப் போட்ட சீட்டுகள் ஒரு பிளாஸ்டிக் டப்பாவில். ஊழியர் ஒருவர் எடுத்தார், எங்களுக்கு விழவில்லை. இரண்டாவதும் மூன்றாவதும் அதற்குள் வேறு ஆட்களுக்குப் போயிருந்தன. கடைசியில் கிடைத்தது நகவெட்டி. டீச்சர் கையெழுத்துப் போட்டுவிட்டு வெளியே வந்து, "பரவாயில்லை, எல்லார் வீட்லயும் இருக்கும்" என்றார். எல்லார் வீட்டிலும் இல்லை என்பது அப்புறம்தான் தெரிந்தது.

அதுவரை எங்கள் துண்டறிக்கையில் சின்னம் வர வேண்டிய இடம் வெள்ளைக் கட்டமாகவே இருந்தது. அதற்கு முந்தைய நாட்களில் வாக்குக் கேட்கப் போனால் எல்லா வாசலிலும் முதல் கேள்வி, "என்ன சின்னம்?" இன்னும் வரவில்லை என்போம். "அப்ப வந்ததும் வாங்க" என்பார்கள். சரிதானே, அவர்கள் எதை ஞாபகம் வைத்துக்கொள்வது? சின்னம் வந்த மறுநாள் ஞாயிறு, ஈஸ்டர் வேறு, அச்சகம் திறக்கவில்லை. திங்கட்கிழமை போனால் வெளியிடுபவரின் உறுதிமொழி, அதில் இரண்டு பேர் சாட்சிக் கையெழுத்து, அச்சிடுபவர் பெயர், முகவரி எல்லாம் சட்டப்படி வேண்டும். செய்தோம். நோட்டீஸ் கைக்கு வந்தபோது மிச்சம் இருந்தது 16 நாள். ஆறு சட்டமன்றத் தொகுதிகள், சுமார் 15 லட்சம் வாக்காளர்கள். நாளைக்குத் தொண்ணூறாயிரம் பேரைப் பார்த்தால் கணக்குச் சரியாக வரும் என்று டீச்சரே போட்டுக் காட்டினார்.

வாக்குப்பதிவு அன்று நடந்ததைச் சொல்கிறேன். எங்கள் தெருவுக்குப் பின்தெருவில் இருக்கும் பாட்டி, டீச்சரிடம் படித்த பையனின் அப்பத்தா, மத்தியானம் ஓட்டுப் போட்டுவிட்டு நேரே என்னிடம் வந்தார். "பாக்குவெட்டியத் தேடித் தேடிப் பார்த்தேன் தம்பி, காணோம். பின்னால நின்னவங்க சத்தம் போட்டாங்க. ஏதோ ஒண்ண அமுக்கிட்டு வந்துட்டேன்." நாங்கள் சொன்னது நகவெட்டி. அவர் காதில் விழுந்தது அவருக்குத் தெரிந்த வெட்டி. அவர் வீட்டில் நகம் வெட்டுவது பிளேடால்.

அவரைக் குறை சொல்ல முடியுமா? அங்கீகரிக்கப்பட்ட கட்சிகளின் வேட்பாளர்கள் முதலில், பதிவு பெற்ற கட்சிகள் அடுத்து, சுயேச்சைகள் கடைசியில் என்பது வரிசை. டீச்சர் 27-ஆம் எண். ஓர் இயந்திரத்தில் பதினாறு பெயர்தான் கொள்ளும் என்பதால் இரண்டாவது இயந்திரத்தில் பதினொன்றாவது வரி. கட்டைவிரல் நகம் அளவுக்குக் கறுப்புக் கோட்டில் ஒரு படம். உதயசூரியனும் இரட்டை இலையும் பாட்டியின் கண்ணில் ஐம்பது வருஷமாகப் பட்டுக்கொண்டிருப்பவை, நகவெட்டி 18 நாளாக. விவிபாட்டில், அதாவது ஓட்டு யாருக்கு விழுந்தது என்று அச்சிட்டுக் காட்டும் இயந்திரத்தின் சீட்டில், சின்னம் 7 விநாடி தெரியும் என்று விளம்பரம் செய்கிறீர்கள். வாக்காளர் தன் ஓட்டை அடையாளம் காண்பது சின்னத்தைப் பார்த்துத்தான் என்று உங்கள் இயந்திரத்துக்கே தெரிந்திருக்கிறது.

நாங்கள் கேட்பது ஒன்றே ஒன்று. அங்கீகாரம் இல்லாத, ஆனால் பதிவு பெற்ற கட்சிகள், மக்களவை அல்லது சட்டமன்றத்தின் பதவிக்காலம் முடிய ஆறு மாதம் இருக்கும்போதே, தங்கள் வேட்பாளர்களுக்கெல்லாம் ஒரே பொதுச் சின்னம் கேட்டு விண்ணப்பிக்கலாம் என்று வழி வைத்திருக்கிறீர்கள். அதே வழியைச் சுயேச்சைக்கும் திறந்துவிடுங்கள். பத்து முன்மொழிபவர்களின் கையெழுத்தும் டெபாசிட்டும் முன்கூட்டியே வாங்கிக்கொள்ளுங்கள். சின்னத்தை வாங்கிக்கொண்டு மனுத் தாக்கல் செய்யாமல் போனால் பணத்தை எடுத்துக்கொள்ளுங்கள். சின்னங்கள் ஆணை 1968-இல் நீங்களே போட்டது. எத்தனையோ முறை திருத்தியும் இருக்கிறீர்கள். கட்சிகளுக்கு அதில் வைக்க முடிந்த வழியை எங்களுக்கு வைப்பதில் என்ன சிரமம் என்று எங்களுக்குப் புரியவில்லை.

பெயருக்கு நிற்கிறவர்கள், டம்மிகள், ஒரே பெயர்க்காரர்கள் பெருகிவிடுவார்கள் என்பீர்கள். அந்தப் பயத்தில் நியாயம் இருக்கிறது. 1996-இல் மொடக்குறிச்சி சட்டமன்றத் தொகுதியில் 1,033 பேர் நின்ற கதை எங்களுக்கும் தெரியும். 2024-இல் ராமநாதபுரத்தில் ஓ. பன்னீர்செல்வத்துக்கு எதிராக இன்னும் ஐந்து ஓ. பன்னீர்செல்வங்கள் மனுப் போட்டார்கள். ஆனால் டம்மியை நிறுத்துகிறவர்கள் யார்? சுயேச்சை தன் காசில் தனக்கே டம்மி நிறுத்துவதில்லை. டம்மிக்குச் சின்னம் ஞாபகத்தில் நிற்கவே தேவையில்லை, குழப்பம் மட்டும் போதும். சின்னம் தாமதமாக வருவதால் அடிபடுவது நிஜமாக நிற்கிறவர் மட்டும்தான்.

அதே ஓ. பன்னீர்செல்வம் சுயேச்சையாகப் பலாப்பழச் சின்னத்தில் இரண்டாமிடம் வரவில்லையா, திருச்சியில் மதிமுக தீப்பெட்டியில் ஜெயிக்கவில்லையா என்றும் கேட்கலாம். ஒருவர் முன்னாள் முதல்வர். இன்னொருவருக்குப் பின்னால் அப்போது மாநிலத்தை ஆண்ட திமுக கூட்டணியே தீப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனது. எங்களிடம் இருந்தது ஓர் ஆட்டோ. அதுவும் மதியத்துக்கு மேல்தான் வரும்.

இந்தப் பாரபட்சத்தைச் சொல்ல ஆரம்பித்தால் எங்கேயோ போகும். அங்கீகரிக்கப்பட்ட கட்சியின் வேட்பாளருக்கு வாக்காளர் பட்டியல் இலவசம், டீச்சர் காசு கொடுத்து வாங்க வேண்டும். அங்கீகரிக்கப்பட்ட கட்சி 40 நட்சத்திரப் பேச்சாளர்களை வைத்துக்கொள்ளலாம், அவர்கள் பறந்து வரும் செலவு வேட்பாளர் கணக்கில் ஏறாது. டீச்சரும் 95 லட்சம் ரூபாய் வரை செலவு செய்யலாம் என்று பெருந்தன்மையாக அனுமதித்திருக்கிறீர்கள், மிக்க நன்றி. தேர்தலுக்கு முன் அங்கீகரிக்கப்பட்ட கட்சி வேட்பாளர் இறந்துபோனால் வாக்குப்பதிவு தள்ளிவைக்கப்படும். சுயேச்சை இறந்தால் அது பாட்டுக்கு நடக்கும். சாவதற்கும் அங்கீகாரம் வேண்டும் போல. 2015-இல் சட்ட ஆணையம் தன் 255-ஆவது அறிக்கையில் சுயேச்சைகளே நிற்கக் கூடாது என்று பரிந்துரைத்தது. அது இதைவிட நேர்மையான வழி என்று சில சமயம் தோன்றுகிறது. அவர்களாவது வாசலிலேயே போகச் சொன்னார்கள்.

மன்னிக்கவும். கோபத்தில் தடம் மாறிவிட்டேன். இவற்றில் பாதி நாடாளுமன்றம் இயற்றிய சட்டம், உங்களைக் கேட்டுப் பயனில்லை என்பது தெரியும். மனுவைத் திரும்பப் பெறும் நாளுக்கும் வாக்குப்பதிவுக்கும் இடையே குறைந்தது 20 நாள் என்று இருந்ததை 1996-இல் 14 ஆக்கியதும் அவர்கள்தான். உங்கள் கையில் இருப்பதை மட்டும் கேட்கிறேன்: சின்னத்தை முன்னாலேயே கொடுங்கள். 2024-இல் ஏழு சுயேச்சைகள் மக்களவைக்குப் போனார்கள். லடாக்கிலிருந்து, சாங்லியிலிருந்து, பூர்ணியாவிலிருந்து. சுயேச்சைக்கு யாரும் ஓட்டுப் போடுவதில்லை என்று சொல்ல முடியாது. போட நினைத்த பாட்டிக்கு எது என்று தெரிந்தால் போதும்.

டீச்சர் அடுத்த முறையும் நிற்பதாகச் சொல்கிறார். கரும்பலகையையே கேட்கப் போகிறாராம். இந்த மடலை மனுவாகவும் பதிவுத் தபாலில் அனுப்பியிருக்கிறேன். தயவுசெய்து பரிசீலித்துப் பதில் எழுதுங்கள். ஒரே வரியாக இருந்தாலும் சரி, அதில் 'விதிகளின்படி' என்ற சொல் மட்டும் இல்லாமல் பார்த்துக்கொண்டால் நன்றியுடையவனாக இருப்பேன்.

இப்படிக்கு,
ஒரு நகவெட்டி வேட்பாளரின் தேர்தல் முகவர்