பாதாளச் சாக்கடையில் கடல்நீர் புகுவதைத் தடுக்கக் கோரும் மனு

அனுப்புநர்:
கடற்கரையோரத் தெருக்களில் குடியிருப்போர்

பெறுநர்:
நகராட்சி ஆணையர் அவர்கள்

பொருள்: புதிய கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையம் கட்டுவதற்கு முன், பாதாளச் சாக்கடைக்குள் கடல்நீர் புகும் இடங்களைக் கண்டறிந்து அடைக்கக் கோருதல் – தொடர்பாக.

ஐயா,

வணக்கம். இப்போதுள்ள சுத்திகரிப்பு நிலையத்தின் கொள்ளளவு போதவில்லை, பெரிதாக ஒன்று கட்டினால் சரியாகிவிடும் என்று நகராட்சி கருதுவதாக அறிகிறோம். பெரிய நிலையம் வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. முதலில் குழாய்களைப் பாருங்கள் என்றுதான் கேட்கிறோம். நிலையத்துக்கு வந்து சேர்வதில் ஒரு பங்கு கழிவுநீரே அல்ல, கடல்நீர்.

இப்படிச் சொல்லக் காரணம் இருக்கிறது. மழை பெய்தால் சாக்கடை பொங்குவது எல்லா ஊரிலும் நடப்பதுதான். இங்கே சொட்டு மழை இல்லாத நாளிலும், அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி, ஆள்நுழைவுக் குழிகளின் மூடி வழியே கழிவுநீர் தெருவுக்கு வருகிறது. கடல் ஏற்றம் மிக உயரமாக இருப்பதும் அந்த நாட்களில்தான். வீடுகளில் தண்ணீர் புழங்கும் நேரம் தினமும் ஏறத்தாழ ஒன்றுதான். குழி பொங்கும் நேரமோ நாளுக்கு நாள் தள்ளிப்போகிறது. கடல் ஏற்றமும் நாளொன்றுக்குச் சுமார் 50 நிமிடம் தள்ளித்தான் வருகிறது. தண்ணீர் வடிந்து காய்ந்த பிறகு மூடியைச் சுற்றி வெள்ளையாக உப்புப் பூத்துக் கிடக்கிறது. வீட்டுக் கழிவுநீர் மட்டும் என்றால் இப்படிப் பூக்காது.

கடல்நீர் வரும் வழிகளில் ஒன்று கண்ணுக்கே தெரிகிறது. கழிவுநீரை இறைத்து அனுப்பும் உந்து நிலையம் நின்றுபோனால் கழிவுநீர் வெளியேறுவதற்காக முகத்துவாரத்தில் ஒரு வழிவுக் குழாய் இருக்கிறது. வெளியே போகும் நீருக்குத் திறந்து, உள்ளே வரும் நீருக்கு மூடிக்கொள்ள வேண்டியது அதன் வாய்க்கதவு. கடல் வற்றியிருக்கும் நேரத்தில் போய்ப் பார்த்தால், கதவின் விளிம்பு முழுக்கக் கொட்டலசு (கடலில் எதிலும் ஒட்டி வளரும் ஓட்டுயிர்) அப்பியிருப்பதும், கீழ்ப்பக்கம் கை நுழையும் அளவுக்கு அது திறந்தே நிற்பதும் தெரியும். இன்னொரு வழி, உவர் நிலத்தடி நீருக்குள் அமிழ்ந்து கிடக்கும் பழைய குழாய்களின் விரிசலும் இணைப்புகளும். அவை மேலிருந்து பார்த்தால் தெரியாது.

ஒரு லிட்டர் கடல்நீரில் சுமார் 35 கிராம் உப்பு. சுத்திகரிப்பு நிலையத்தின் காற்றூட்டும் தொட்டியில் கழிவைத் தின்று வாழும் நுண்ணுயிர்கள் ஓரளவு உப்புக்குப் பழகிக்கொள்ளும். ஆனால் ஏற்றத்தில் கூடி, வற்றத்தில் குறைந்து என்று உப்பு மாறிக்கொண்டே இருந்தால் அவற்றால் தாங்க முடியாது. அந்த நுண்ணுயிர்கள் சேர்ந்த கசடு திரளாமல் உடைகிறது, தெளிவுத் தொட்டியில் படியாமல் நீரோடு போகிறது. கலங்கிய நீரில் குளோரினைக் கலந்தாலும் துகள்களுக்குள் இருக்கும் கிருமிகள் தப்பிவிடும். அப்புறம் அந்த நீர் போய்ச் சேருவது நம் பிள்ளைகள் குளிக்கும் கடலில்.

கடல்நீரில் சல்பேட்டும் அதிகம். காற்றில்லாத குழாய்க்குள் அது ஹைட்ரஜன் சல்பைடு வாயுவாக மாறி, குழாயின் மேற்கூரையில் கந்தக அமிலமாகி, கான்கிரீட்டை அரிக்கிறது. அரித்த இடத்தில் மேலும் கடல்நீர் புகும். குழிக்குள் இறங்குகிறவரின் உயிரை எடுப்பதும் இதே வாயுதான். ஆகவே நாங்கள் கேட்கும் எந்தச் சோதனைக்கும் யாரையும் உள்ளே இறக்கக் கூடாது என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறோம்.

இந்த நிலையில் பெரிய நிலையம் கட்டினால், கடல்நீரை மின்சாரம் செலவழித்து ஏற்றி, மறுபடி கடலிலேயே விடும் வேலையைத்தான் இன்னும் பெரிய அளவில் செய்துகொண்டிருப்போம்.

எனவே, அடுத்து வரும் உயர் ஏற்ற நாட்களில், வீட்டுப் புழக்கம் குறைந்த பின்னிரவில், குழி குழியாகக் கயிற்றில் வாளி இறக்கி நீரெடுத்து அதன் மின்கடத்துத்திறனை அளக்க உத்தரவிட வேண்டுகிறோம். நீரில் உப்பு கூடக் கூட இந்த அளவும் கூடும். கையடக்கக் கருவி போதும். கடல்நீர் சென்டிமீட்டருக்குச் சுமார் 50,000 மைக்ரோசீமென்ஸ் காட்டும். சாதாரண வீட்டுக் கழிவுநீர் ஆயிரம், இரண்டாயிரம் என்ற அளவில்தான் இருக்கும். இருபதில் ஒரு பங்கு கடல்நீர் கலந்தாலும் வேறுபாடு பளிச்சென்று தெரிந்துவிடும். கடல் வற்றிய நேரத்திலும் அதே குழிகளில் அளந்து ஒப்பிட்டால், எந்தக் குழாய்ப் பகுதியில் நீர் புகுகிறது என்பதை நெருங்கிவிடலாம். அந்தப் பகுதிக்குள் மட்டும் கேமரா விட்டுப் பார்த்து, தெருவைத் தோண்டாமல் உட்புறப் பூச்சு முறையில் சரிசெய்ய முடியுமா என்று முடிவெடுக்கலாம்.

வாய்க்கதவு இதற்கெல்லாம் காத்திருக்க வேண்டியதில்லை. அதை உடனே சுரண்டிச் சுத்தம் செய்தோ மாற்றியோ தர வேண்டும். ஒவ்வொரு உயர் ஏற்றத்துக்கு முன்பும் யார் பார்வையிட வேண்டும் என்பதையும் எழுத்தில் நிர்ணயிக்க வேண்டும்.

குளிக்கும் இடத்துக் கடல்நீரில் கழிவுநீர் கலந்திருப்பதைக் காட்டும் குடல் என்டெரோகாக்கை கிருமிகளை அளந்து, முடிவை நகராட்சி அலுவலகப் பலகையில் ஒட்டவும் வேண்டுகிறோம். ஈ. கோலை என்ற மற்றொரு குடல் கிருமியைவிட இவை கடல்நீரில் அதிக நாள் தாக்குப்பிடிப்பவை. உலக சுகாதார நிறுவனம் 2003இல் வெளியிட்ட வழிகாட்டு நெறிகளும் கடல்நீருக்கு இவற்றையே அளவுகோலாகக் கொண்டுள்ளன.

புதிய நிலையத்தின் கொள்ளளவை இந்த அளவீடுகள் கைக்கு வந்த பிறகு இறுதி செய்யும்படி கேட்டுக்கொள்கிறோம். எந்தத் தெருவில், எந்தக் குழி, எந்த நேரத்தில் பொங்கியது என்று நாங்கள் குறித்து வைத்த பட்டியலை இணைத்துள்ளோம். அளக்க வரும் ஊழியர்களுடன் இரவில் கூட வந்து இடங்களைக் காட்டவும் தயாராக இருக்கிறோம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
கடற்கரையோரத் தெருக்களின் குடியிருப்போர்

இணைப்பு: குழிகள் பொங்கிய இடம், நேரம் அடங்கிய பட்டியல், வாய்க்கதவின் புகைப்படங்கள்.