அந்த மண்ணுக்கு வாடகையா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் வந்த தென்னாப்பிரிக்கப் பயணக் கட்டுரையை இரண்டு முறை படித்தேன். ஜூலு கிராமம் என்று தலைப்புப் போட்டுவிட்டு, தோலாடை கட்டி ஈட்டியோடு ஆடுகிறவர்களின் படங்களை மட்டும் போட்டிருந்தது மனதுக்குக் கஷ்டமாக இருந்தது. அது சுற்றுலாப் பயணிகளுக்கு டிக்கெட் போட்டுக் காட்டுவது. ஆறு வருஷம் டர்பனில் ஆசிரியையாக இருந்தவள் நான். உடன் வேலை பார்த்த, ஜூலு இனத்தைச் சேர்ந்த தோழியின் ஊர் ம்சிங்கா வட்டாரத்தில் இருக்கிறது. விடுமுறை விட்டால் என்னையும் அழைத்துப் போய்விடுவாள்.

கிரேடவுனைத் தாண்டி துகேலா ஆற்றுப் பள்ளத்தாக்கில் இறங்கினால் முள்மரமும் கற்றாழையும்தான். வெயில் நம் ராமநாதபுரத்து வெயில். நம் ஊர் மாதிரி தெருவாக வீடுகள் இருக்காது. சரிவில் இங்கொன்றும் அங்கொன்றுமாக, ஒவ்வொரு குடும்பமும் தனித்தனி வளாகமாக இருக்கும். அதற்கு உமூஸி என்று பெயர். பழைய முறைப்படி நடுவில் மாட்டுத்தொழுவம், அதைச் சுற்றி வீடுகள். கட்டுரையில் வந்த தேன்கூடு வடிவப் புல்குடில்கள் இப்போது அபூர்வம். சிமெண்ட் கல் வீடும் தகரக் கூரையும்தான் அதிகம். ஆனால் முன்னோருக்கென்று ஒரு வட்ட வீடு மட்டும் பல வளாகங்களில் இருக்கும்.

தோழியின் அம்மாவை ஊரே கோகோ என்றுதான் கூப்பிடும், பாட்டி என்று அர்த்தம். ஒரு சனிக்கிழமை காலை அவர் முழங்காலிட்டு, சாணத்தைக் கையால் அள்ளி, அரைவட்டம் அரைவட்டமாக அந்த வட்ட வீட்டின் தரையை மெழுகிக்கொண்டிருந்தார். எங்கள் ஆச்சி மெழுகுவதும் அதே அரைவட்டம்தான். நானும் பக்கத்தில் உட்கார்ந்து மெழுக ஆரம்பித்தேன். என் கை போகிற விதத்தைப் பார்த்துவிட்டு, "உனக்கு இதை யார் சொல்லிக்கொடுத்தது?" என்று கேட்டார். அன்றிலிருந்து நான் அந்த வீட்டில் விருந்தாளி இல்லை.

மாட்டை அவர்கள் நிறத்தைச் சொல்லிக் கூப்பிடுகிற அழகைக் கேட்க வேண்டும். வெளிர் உடம்பில் பொடிப்பொடியாகச் செம்புள்ளி இருக்கிற மாட்டுக்கு 'வானம்பாடியின் முட்டைகள்' என்று பெயர். பெண்ணுக்குப் பரிசமாக வருவதும் மாடு, முன்னோருக்குப் படைப்பதும் மாடு. குடும்பத் தலைவர் இறந்தால் தொழுவத்துக்குப் பக்கத்திலேயே புதைப்பது பழைய வழக்கம். இதை ஏன் சொல்கிறேன் என்றால், அந்த மண்ணைப் பற்றித்தான் கட்டுரையில் ஒரு வரிகூட இல்லை.

1913இல் வந்த நிலச் சட்டம், தென்னாப்பிரிக்காவின் பெரும்பான்மைக் கறுப்பின மக்களுக்கு நாட்டின் நிலத்தில் ஏறக்குறைய 7 சதவீதத்தைத்தான் விட்டுவைத்தது. ஆண்கள் ஜோகன்னஸ்பர்க் தங்கச் சுரங்கங்களுக்குப் போனார்கள். பெண்கள் ஊரையும் மாட்டையும் பார்த்துக்கொண்டார்கள். 1994இல் இங்கொன்யாமா அறக்கட்டளை வந்தது. ஜூலு மக்கள் அதிகம் வாழும் குவாசூலு-நடால் மாகாணத்தில் சுமார் 28 லட்சம் ஹெக்டேர் அதன் பெயரில் இருக்கிறது. ஜூலு மன்னர்தான் அறங்காவலர். அதில் வாழ்கிறவர்கள் பலரின் கையில் நம் ஊர்ப் பட்டா மாதிரி எதுவும் கிடையாது. இந்தூனா என்கிற ஊர்த்தலைவர் அளந்து காட்டிய இடம், அக்கம்பக்கத்தார் சாட்சி, அவ்வளவுதான். அது போதுமானதாகவும் இருந்தது.

அப்புறம் அந்த அறக்கட்டளை, தலைமுறை தலைமுறையாகக் குடியிருந்தவர்களிடமே குத்தகைப் பத்திரத்தில் கையெழுத்து வாங்கி வாடகை கேட்க ஆரம்பித்தது. அப்பாவின் சமாதி இருக்கிற முற்றத்துக்கு மகள் வாடகை கட்ட வேண்டுமாம்! கிராமப் பெண்களின் அமைப்பு ஒன்றும் மற்றவர்களும் சேர்ந்து வழக்குத் தொடுத்தார்கள். 2021 ஜூனில் பீட்டர்மாரிட்ஸ்பர்க் உயர் நீதிமன்றம், அந்தக் குத்தகைகள் சட்டவிரோதம், வாங்கிய பணத்தைத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்று தீர்ப்புச் சொன்னது. அதற்கு முந்தைய வருஷம் அக்டோபரில், ம்டுபடுபா பக்கம் நிலக்கரிச் சுரங்க விரிவாக்கத்தை எதிர்த்துக் குரல் கொடுத்த ஃபிகிலே ன்ட்ஷங்காசே என்ற பெண்மணியை அவர் வீட்டிலேயே சுட்டுக் கொன்றார்கள். அங்கும் வீட்டைக் காலி செய், கல்லறையை மாற்று என்பதுதான் பிரச்சினை.

இதில் நமக்கும் ஒரு தொடர்பு உண்டு. சொந்த நிலமும் மாடும் இருந்ததால் ஜூலு மக்களில் பெரும்பாலோர் வெள்ளையரின் கரும்புத் தோட்டத்துக்குக் கூலிகளாக வர மறுத்தார்கள். அதனால்தான் 1860இல் சென்னையிலிருந்து 'ட்ரூரோ' கப்பலில் நம்மவர்களை ஏற்றினார்கள். அந்த நிலத்தின் கதை தமிழ் வாசகர்களுக்கு அந்நியமான கதை இல்லை.

கட்டுரையாளர் மறுபடியும் அங்கே போவதாக எழுதியிருக்கிறார். தயவுசெய்து ஏதாவது ஒரு வளாகத்தின் வாசலில் நின்று குரல் கொடுத்துவிட்டுக் காத்திருக்கச் சொல்லுங்கள். கூப்பிடாமல் உள்ளே போவது அங்கே மரியாதை இல்லை. உள்ளேயிருந்து யாராவது வந்து 'சாவுபோனா' என்பார்கள். 'உங்களைப் பார்த்தோம்' என்று அர்த்தம். உட்கார்ந்து, அவர்கள் பேசுவதைக் கேட்டு எழுதச் சொல்லுங்கள். நான்கு பக்கம் ஒதுக்குங்கள்.

அன்புடன்,
ஒரு வாசகி,
திருநெல்வேலி